பனி ஊருக்குப் பூக்கட்டிப் பார்த்த கதை

தம்பி, உன் கடிதம் கிடைத்தது. நலம், நலமறிய ஆவல் என்று நீ எழுதிய வரியை நானும் எழுதிவிட்டதாக வைத்துக்கொள். நீ கேட்டபடி போன வெள்ளிக்கிழமை நானும் உன் அம்மாவும் ஏரிக்கரை அய்யனார் கோயிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்த்தோம். வெள்ளைப் பூதான் வந்தது. போகலாம் என்று அர்த்தம். பூ வந்ததும் தந்தி கொடுங்கள் என்று நீ எழுதியிருந்தாய். நானும் ரிஷிவந்தியம் தபாலாபீஸ் வரைக்கும் நடந்துபோய், உள்ளே போகாமல் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். தந்தியில் சொல்கிற விஷயம் இல்லை இது. ஆபீசுக்கு நேரமாகிறது என்று பாதியில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஓடாதே. உட்கார்ந்து முழுசாகப் படி. மருமகள் வசந்தியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

உன் கடிதத்தை உன் அம்மாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். கம்பெனியில் உன்னைக் கனடா தேசத்தில் வின்னிபெக் என்கிற ஊருக்கு அனுப்புகிறார்கள், குடும்பத்தோடு போகலாம், பிடித்துப்போனால் அங்கேயே இருந்துவிடலாம், சம்பளம் ஜாஸ்தி, பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம், ஆனால் வருஷத்தில் பாதி நாள் பனி, பாப்பா நித்யாவுக்கு மூச்சிழுப்பு இருக்கிறதே என்று நினைத்தால்தான் பயமாக இருக்கிறது, வசந்தி உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டாள், எனக்கு ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை, ஆகையால் சாமியைக் கேட்டுச் சொல்லுங்கள். இதுதான் நீ எழுதியது. கூடவே உன் சிநேகிதன் அங்கிருந்து அனுப்பிய போட்டோவையும் வைத்திருந்தாய். அதில் அவன் தன் வீட்டு வாசலை மண்வெட்டியால் வெட்டிக்கொண்டு நிற்கிறான். பக்கத்தில் இருப்பது கார் என்று நீ எழுதியிருக்காவிட்டால் அது உப்புக் குவியல் என்றே நினைத்திருப்பேன். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். போட்டோவில் எல்லோரும்தான் சிரிக்கிறார்கள். உன் அம்மா அதை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இந்தப் புள்ள மூஞ்சி இன்னா இப்டி வெடிச்சிப் போய்க் கெடக்குது" என்று மட்டும் சொன்னாள்.

பூக்கட்டுவது என்றால் உனக்குத் தெரியும். வசந்தி மெட்ராஸிலேயே பிறந்து வளர்ந்தவள், அவளுக்காக எழுதுகிறேன். வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இரண்டையும் வாழையிலைத் துண்டில் ஒரே மாதிரி மடித்து, நாரால் கட்டி, சாமி காலடியில் உருட்டிவிட்டு, விவரம் தெரியாத ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் விடு. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் ஏரியில் போட்டுவிட வேண்டும். ஊரில் பல பேர் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கேட்பார்கள். நம் வீட்டில் எல்லாவற்றுக்கும் கேட்டோம். மேட்டு நிலத்தில் கிணறு வெட்டப் பூக்கேட்டோம். வெள்ளை வந்தது, தண்ணீர் வரவில்லை. யாரை யார் திட்டுவது? சாமி சொல்லித்தானே வெட்டினோம் என்று பேசாமல் கரும்பை விட்டு மரவள்ளிக்கு மாறினோம். அதுதான் இதில் இருக்கும் சௌகரியம். நம் வீட்டில் யாரும் எதையும் முடிவு செய்ததே கிடையாது, அதனால் யாரும் எதற்கும் பதில் சொன்னதும் கிடையாது. நீ இன்ஜினீயருக்குப் படித்துவிட்டாய், கோட்டுப் போட்டுக்கொண்டு விமானத்தில் ஏறப் போகிறாய், ஆனாலும் அந்தப் புத்தி மட்டும் உன்னை விட்டுப் போகவில்லை. எனக்குப் பிறந்தவன் என்று சந்தேகமில்லாமல் நிரூபித்துவிட்டாய்.

குளிர் ஊருக்குக் குடும்பத்தைத் தூக்கிக்கொண்டு போவது நமக்குப் புதுசு இல்லை. நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது மழை பொய்த்து ஏரி வெடித்துக் கிடந்தது. வெள்ளிமலையில் ஒரு மலைக்காரர் குத்தகைக்கு நிலம் தருகிறேன் என்றார். பூக்கேட்டோம், வெள்ளை வந்தது, கிளம்பினோம். அப்போது மலைக்கு பஸ் கிடையாது. கச்சிராயபாளையம் வரைக்கும் மாட்டுவண்டி, அங்கிருந்து தலைச்சுமையோடு நடை. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு மரத்துக்கு மரம் பெயர் கேட்டுக்கொண்டு வந்தாய். உனக்கு வெள்ளிமலை என்றால் தேனும் பலாப்பழமும் பள்ளிக்கூடமே இல்லாத பகலும்தான் நினைவிருக்கும். வசந்தியிடம் அப்படித்தான் சொல்லியிருப்பாய். குளிர் ஒன்றும் செய்யாது, சின்ன வயசில் நான் மலையிலேயே இருந்தவன் என்று பெருமையடித்திருப்பாய். உன்னைப் போர்த்தியிருந்த கம்பளி எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியாது. நிலத்துக்காரர் வீட்டுப் பெண்பிள்ளை, உன் அம்மா மார்கழிக் காலையில் ஒற்றைப் புடவையோடு நடுங்கிக்கொண்டு தண்ணீர் சுமப்பதைப் பார்த்துவிட்டு, பேசாமல் கொண்டுவந்து கூரைக்குள் போட்டுவிட்டுப் போனாள். அதை உன் அம்மா உனக்குப் போர்த்திவிட்டாள்.

அந்த மலையில் நம்மைக் குளிர் ஒன்றும் செய்யவில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். வீட்டுக்குள்ளேயே நெருப்பு மூட்டிக் காய்வது எப்படி, சாமைச் சோற்றை ஆறாமல் வைத்துச் சாப்பிடுவது எப்படி என்று அந்த ஜனங்களே சொல்லிக் கொடுத்தார்கள். காய்ச்சல்கூட வரவில்லை. ஆனால் உன் அம்மாவுக்கு அங்கே பேச ஆள் இல்லை. நான் விடிந்தால் காட்டுக்குப் போய்விடுவேன். நீ ஆடு ஓட்டுகிற பையன்களோடு போய்விடுவாய். அவர்கள் பேசுவதும் தமிழ்தான், நல்ல ஜனங்கள்தான், ஆனால் அவர்களுக்கு அவரவர் வேலை இருந்தது. வந்த புதிதில் உன் அம்மா என்னிடம் எல்லாவற்றையும் சொல்வாள். அடுப்பு எரியவில்லை, பாதையில் வழுக்கிவிட்டேன், எங்க அம்மா வூட்டுக்கு ஒரு தடவை கூட்டிக்கினு போங்க என்பாள். நான், "நானா கூட்டிக்கினு வந்தேன், சாமி சொல்லிச்சி" என்பேன். எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. கொஞ்ச நாளில் அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். எனக்கு அது நிம்மதியாக இருந்தது. பழகிவிட்டாள் என்று நினைத்தேன். அடுத்த வருஷம் மழை பெய்து நாம் இறங்கி வந்தபோது அவளுடைய அண்ணன் அவளைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, ஊமையாய்ட்டியா" என்று கேட்டது எனக்குக் கோபத்தைத்தான் கிளப்பியது.

சரி, அது பழசு. உன் கடிதத்தில் என்னைச் சுட்ட வரி ஒன்று இருந்தது. அங்கெல்லாம் யாரும் யாரையும் என்ன சாதி என்று கேட்க மாட்டார்கள் அப்பா, நித்யா நிம்மதியாக வளர்வாள் என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் சிரிப்பு வந்தது. சாதி கேட்க மாட்டார்கள், தோலைப் பார்ப்பார்கள். அது போகட்டும். நானும் இந்த ஊரில் இத்தனை ஆம்பளைகளும் போன வருஷம் எதற்காக ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டோம்? எதற்காக லத்தியடி பட்டோம்? எனக்கு இனிமேல் கலெக்டர் வேலை தரப் போகிறார்களா? உன்னைப் போல ஒருவன் படித்து வெளியே வர நம் ஜனங்களில் எத்தனை பேர் பாதியில் நின்றார்கள் என்று உனக்குத் தெரியும். உன் கூடப் படித்தவர்களே மார்க் இருந்தும் சீட்டுக் கிடைக்காமல் இன்றைக்கு ஆலைக்குக் கரும்பு வெட்டுகிறார்கள். என் பேத்திக்கு அந்தக் கதி வரக்கூடாது, இட ஒதுக்கீட்டில் எங்கள் பங்கை எங்களுக்குப் பிரித்துக் கொடு என்றுதான் கேட்டோம். கேட்டது நியாயம். இன்றைக்கும் சொல்கிறேன், நியாயம். இப்போது அந்தப் பேத்தியையே பங்கு கேட்கத் தேவையில்லாத ஊருக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்கிறாய். அடி வாங்கிய முதுகு இங்கே இருக்கிறது, யாருக்காக அடி வாங்கியதோ அவள் அங்கே பனியில் விளையாடப் போகிறாள்.

அந்த வாரத்தைப் பற்றி நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வசந்தி சொல்லியிருப்பாள். அவள் சொன்னது சரியாகத்தான் இருக்கும், இருந்தாலும் என் வாயாலும் கேள். வசந்தியும் பாப்பாவும் லீவுக்கு வந்திருந்தார்கள். நீ மெட்ராஸில் இருந்தாய். இரண்டு பக்கமும் புளியமரங்களை வெட்டிச் சாய்த்து, தியாகதுருகம் ரோட்டில் ஒரு சைக்கிள்கூடப் போக முடியாமல் அடைத்திருந்தோம். வெட்டுவதற்கு முன்னால் சாதிச் சங்கத்தில் சேரலாமா என்று அதற்கும் பூக்கேட்டிருந்தேன். வெள்ளை. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ விடியற்காலையில் பாப்பாவுக்கு இழுப்பு வந்தது. கையில் இருந்த மருந்து கேட்கவில்லை. உதடு நீலமாகிக்கொண்டே வந்தது. வண்டியைக் கட்டிக்கொண்டு நானும் உன் அம்மாவும் வசந்தியும் ரோட்டுக்கு வந்தோம். அங்கே காவலுக்கு இருந்தவர்கள் எல்லாம் நம் பையன்கள், நான் கூட்டிவந்து நிறுத்தியவர்கள். ஒரு மரத்தை மட்டும் புரட்டி வண்டிக்கு வழி விடுங்கடா என்றேன்.

அவர்களுக்கு நடுவில் இருந்தவன் என் பங்காளி மகன். மரியாதை தெரிந்தவன். எழுந்து நின்றுதான் பேசினான். "பெரிப்பா, உங்களுக்கு வுட்டா இன்னொருத்தனுக்கும் வுடணும். நேத்து நீங்கதான சொன்னீங்க, பொணமே வந்தாலும் தூக்கிக்கினு போவட்டும், வண்டி போவக்கூடாதுன்னு." நான் சொன்னதுதான். கூட்டத்தில் கை தட்டினார்கள். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. என் பேச்சை மதித்து நின்றவன் அந்த ஊரிலேயே அவன் ஒருத்தன்தான். பாப்பாவை வாங்கிக்கொண்டு மரத்தின் மேல் ஏறினேன். ஒன்றைத் தாண்டினால் இன்னொன்று கிடந்தது. கிளை கிழித்து வசந்தியின் காலில் ரத்தம். நான் வெட்டிய மரம் எது, அடுத்த ஊர்க்காரன் வெட்டியது எது என்று தெரியாத அளவுக்குக் கிடந்தன. கடைசியில் கள்ளக்குறிச்சி மண்டிக்கடை பாய் ஒருவர் வரப்பு வழியாக சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். என்ன ஏது என்று கேட்காமல் வசந்தியையும் பாப்பாவையும் பின்னால் உட்காரவைத்து, வந்த வரப்பிலேயே திரும்பினார். உன் அம்மா அந்த சைக்கிளுக்குப் பின்னால் ஓடினாள். அந்த வயசில் அவள் ஓடியதை நான் மரத்தின் மேல் நின்று பார்த்தேன். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, மூச்சு வந்து, பாப்பா பிழைத்தாள். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்ததை உன் அம்மா முழுசாகக் கேட்காமல் வெளியே வந்துவிட்டாளாம்.

இதை நான் மன்னிப்புக் கேட்பதற்காக எழுதவில்லை. கேட்கவும் மாட்டேன். அதே வாரத்தில் நம் ஆட்கள் சிலர், போராட்டத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தமோ, காலனிப் பக்கம் போய்க் கூரைகளுக்கு நெருப்பு வைத்தார்கள். அதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியவர்களே கேட்கவில்லை, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு திரிகிறார்கள். அப்புறம் போலீஸ் வந்தது. மரவள்ளித் தோட்டத்துக்குள் புகுந்து எங்களை இழுத்துக்கொண்டு போய் வேனில் ஏற்றினார்கள். ஜெயிலில் நான் இருந்த நாளில் நீ ஒரு தடவை வந்து பார்த்தாய். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "சாப்பாடு எப்படிப்பா" என்று கேட்டாய். பாப்பாவைப் பற்றி நான் கேட்டதற்கு, நல்லா இருக்கா என்றாய். அதோடு கிளம்பிவிட்டாய். உன் மனசில் அன்றைக்கே இந்த ஊர் முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு வந்த வின்னிபெக் எல்லாம் ஒரு சாக்கு.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். பொட்டலம் கட்டுவது எப்போதும் உன் அம்மாவின் வேலை. காலையில் குளித்துவிட்டு அவளே பூப்பறித்து, அவளே கட்டி, மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கோயிலில் ஏதோ வேண்டுதலுக்கு வந்தவர்களின் கைக்குழந்தை ஒன்று தவழ்ந்துகொண்டிருந்தது. அது கைக்கு எட்டியதை எடுத்தது. பூசாரி பிரித்துக் காட்டினார். வெள்ளை. உன் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் சிவப்பு வர வேண்டும் என்று வழி நெடுக வேண்டிக்கொண்டு வந்தவன். உன்னை எழுத்தில் தடுக்க எனக்குக் கை வராது, சாமியாவது தடுக்கட்டும் என்று இருந்தேன். மற்றப் பொட்டலத்தை ஏரியில் போட என்னிடம் கொடுத்தார்கள். கரைமேல் நின்றபோது, வராமல் போன அந்தச் சிவப்பை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது. பிரிக்கக்கூடாது என்று தெரிந்தும் பிரித்தேன். உள்ளே வெள்ளரளி இருந்தது.

பிரித்த பொட்டலத்தை மடியில் செருகிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன்.

"இன்னாடி இது?" என்று கேட்டேன்.

"பாத்துட்டீங்களா" என்றாள். பயந்தவளாகவே தெரியவில்லை. முறத்தை எடுத்து வைத்துக்கொண்டு அரிசி புடைக்க உட்கார்ந்தாள்.

"சாமி குத்தம்டி."

"குத்தம் வந்தா எனக்கு வரட்டும். கட்டினது நான்தான."

"பாப்பாவுக்கு இழுப்பு கீதுன்னு தெரியுமில்ல? அந்தக் குளிரு அவளுக்குத் தாங்குமா?"

"தாங்குமோ தாங்காதோ, எனக்கு இன்னா தெரியும்? ஆனா அங்க பனி பெஞ்சா மிஷின் வெச்சி ரோட்ட வழிச்சி வுடறாங்களாம். உங்க புள்ளதான் எழுதியிருக்கான், நீங்கதான் படிச்சிக் காட்டுனீங்க. ரோட்ட வழிச்சி வுடறவன் ஊர்ல எம்பேத்தி இருக்கட்டும். மரத்த வெட்டிப் போடறவன் ஊரு வேணாம்."

அந்த வாரத்தைப் பற்றி அவள் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. நான் அவளிடம், அவன் போகட்டும் என்று உனக்குத் தோன்றினால் அதை நேரடியாகச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே, சாமியை எதற்கு ஏமாற்றுகிறாய் என்று சத்தம் போட்டேன். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நான் சொன்னா? நாளைக்கு அங்க பாப்பாவுக்கு ஒண்ணு ஆச்சின்னா, உன்னாலதான் போனாங்கன்னு நான் சாவற வரைக்கும் சொல்லிக்கினே இருப்பீங்க. சாமி சொல்லிச்சின்னா வாய மூடிக்குவீங்க. வெள்ளிமலையில நான் மூடிக்கினு இருக்கல?"

எனக்கு அப்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது. "அப்ப வெள்ளிமலைக்குப் போவ கட்டுனியே, அது?"

"அத ஒழுங்காத்தான் கட்டினேன்" என்றாள். "அதுதான் நான் பண்ணின தப்பு."

அவ்வளவுதான். அரிசி புடைக்க ஆரம்பித்துவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் பேச்சு கம்மி. சோறு போடுகிறாள், சாப்பிடுகிறேன். இதை உனக்கு எழுத வேண்டாம் என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். எழுதத்தான் போகிறேன் என்றேன். உங்க இஷ்டம் என்றாள். இந்த 'உங்க இஷ்டம்' இருக்கிறதே, அதைப் பற்றி உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளிமலையிலும் அவள் கடைசியில் அதைத்தான் சொன்னாள். நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். உன் பெண்டாட்டியும் அதையே சொல்லியிருக்கிறாள், நீயும் சம்மதம் என்று எழுதியிருக்கிறாய். வசந்தி, இதைப் படித்துக்கொண்டிருந்தால் அவனிடம் வாய் திறந்து சொல்லம்மா. போகலாம் என்றால் போகலாம் என்று சொல், மாட்டேன் என்றால் மாட்டேன் என்று சொல். அவன் ஆபீசுக்குப் போன பிறகு அந்தப் பனிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்காரப் போகிறவள் நீ.

பாப்பாவின் இழுப்புக்கு அய்யனார் என்ன செய்வார், மார்பு டாக்டரைக் கேள். ஒருவரைக் கேட்காதே, இரண்டு பேரைக் கேள். அந்தக் குளிரில் நாலு வயசுக் குழந்தையின் நெஞ்சு என்ன ஆகும் என்று உன் சிநேகிதனுக்கு எழுதிக் கேள், போட்டோ அனுப்பச் சொல்லாதே. முடிந்தால் முதலில் நீ மட்டும் போய் ஒரு குளிர்காலம் இருந்து பார். வாசலை வெட்டிக்கொண்டு வெளியே வர உன்னால் முடிகிறதா, ராத்திரி குழந்தைக்கு மூச்சு முட்டினால் கூப்பிட்ட குரலுக்கு யார் வருவார்கள், அதையெல்லாம் கண்ணால் பார்த்துவிட்டுக் குடும்பத்தைக் கூட்டிப் போ. இதையெல்லாம் சொல்ல அப்பன் எதற்கு, உனக்கே தெரியும். தெரிந்தும் பூக்கேட்கச் சொன்னாய், ஏனென்றால் நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் உனக்கும் ஒரு சாமி வேண்டும்.

கொஞ்ச நாளில் நீங்களும் அங்கேயே வந்துவிடலாம் என்று கடைசியில் ஒரு வரி போட்டிருந்தாய். மரியாதைக்குப் போட்டதாகவே இருக்கட்டும். நான் வரமாட்டேன். எனக்கு மேல்கோர்ட்டில் மரம் வெட்டின கேஸ் இருக்கிறது, மரவள்ளி இருக்கிறது, இன்னும் பாதி தீராத கோபம் இருக்கிறது. உன் அம்மாவிடம், உன்னையாவது கூட்டிக்கொள்வார்கள், போகிறாயா என்று நேற்று கேட்டேன். பேத்தி மேல் உயிராக இருப்பவள், ஒத்துக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன். "இன்னொரு வெள்ளிமலை எனக்கு வேணாங்க" என்றாள். அப்புறம் கொல்லைப் பக்கம் போய் ரொம்ப நேரம் வரவில்லை. பாப்பாவை இனிமேல் போட்டோவில்தான் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்துதான் அவள் இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையை வைத்துக் கட்டியிருக்கிறாள். நம் குடும்பத்தில் இத்தனை வருஷத்தில் துணிந்து ஒரு முடிவை எடுத்தவள் அவள் ஒருத்திதான். அது என் பேச்சுக்கு நேர் எதிரான முடிவு. எனக்கு அவள் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது, அவள் முகத்தைப் பார்க்கவும் கூச்சமாக இருக்கிறது.

ஆகவே சாமி ஒன்றும் சொல்லவில்லை என்பதைத் தெரிந்துகொள். போ என்று சொன்னது உன் அம்மா. அவள் பேரைச் சொல்லிப் போவதானால் போ. இப்போது என் முறை. பூ வேண்டாம், நானே சொல்கிறேன். போகாதே. காரணம் கேட்காதே, யோசித்துப் பார்த்தேன், காரணமெல்லாம் போகச் சொல்கிற பக்கத்தில்தான் இருக்கிறது. நீ இங்கே இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை, அவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு இத்தனை வயசாகியிருக்கிறது. நீ போவாய் என்று தெரியும். போகும்போது அய்யனார் அனுப்பினார் என்று பாப்பாவிடம் சொல்லாதே, என் அப்பா வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை என்று சொல். நானும் ஊரில் கேட்பவர்களிடம், நான் போகாதே என்றேன், மீறிப் போய்விட்டான் என்று சொல்லிக்கொள்கிறேன்.